பெயர் வெட்டிய அண்டா

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், பர்மாத் தேக்குத் தூண்களையும், எனாமல் தூக்குகளையும், விளிம்பில் யாரோ ஒருத்தியின் பெயர் வெட்டிய பித்தளை அண்டாக்களையும் பார்க்கிறவர்களில் பலர், ஒரு குலத்தின் ஐசுவரியமே வீதிக்கு வந்துவிட்டதென்று பரிதாபப்படுகிறார்கள். அந்தப் பரிதாபத்தில் எனக்குப் பூரண சம்மதமில்லை. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கே கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் பலரின் தனம் முடங்கிப்போக, சந்ததியார் உத்தியோகத்தை நாடிப் பட்டணங்களில் குடியேறியபின், நூறு பேருக்கு வடிக்கும் பாத்திரம் மூன்று பேர் உண்ணும் அடுக்ககத்தில் எந்த மூலையில் உட்காரும்?

போகியன்று கிழிந்த பாயைக் கொளுத்துகிற நாம் பரணை மட்டும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஜீவித காலத்திலேயே, தன் கையாலேயே விற்றுவிடுவது உத்தமம். வாரிசுகளிடம் விட்டால், ஞாபகங்களோடு கலகமும் பங்கு பிரிக்கப்படும்.

ஆயினும் விற்பதில் ஒரு விவேகம் வேண்டும். என் தாயாரின் சீர்ப் பாத்திரங்களை எடைக்குப் போட முற்பட்டபோது, பழைய பாத்திர வியாபாரி பெயர் வெட்டியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "உருக்கத்தான் போகுதுங்க" என்றார். மனம் ஒப்பவில்லை, குறைந்த விலையானாலும் போகட்டுமென்று பெரிய அண்டாவை ஒரு கல்யாணச் சமையல்காரருக்குக் கொடுத்தேன். அடுத்த முகூர்த்தத்தில் அதில் சாம்பார் கொதித்ததாகக் கேள்வி.