குடியேற்றக் கொள்கைக்கு மார்க் போடும் வித்தை

நாடுகளின் குடியேற்றக் கொள்கைகளை எண்ணாக்கி வரிசைப்படுத்துவது இன்று ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அதிகம் மேற்கோள் காட்டப்படுவது மிபெக்ஸ் என்னும் குறியீடு. 2020 பதிப்பில் 56 நாடுகள். வேலை, கல்வி, சுகாதாரம், குடியுரிமை என்று எட்டுத் துறைகளின் சட்டங்களைப் படித்து நூற்றுக்கு இத்தனை என்று மார்க். ஸ்வீடனுக்கு 86, இந்தியாவுக்கு 24. இதை வைத்து "ஸ்வீடன் கதவைத் திறந்து வைத்திருக்கிறது" என்பவர்கள் குறியீட்டின் பெயரைக்கூட முழுதாகப் படிக்காதவர்கள். அது கதவைப் பற்றிப் பேசவே இல்லை. உள்ளே வந்துவிட்டவரை ஒரு நாடு எப்படி நடத்துகிறது என்பதுதான் அதன் கேள்வி.

சரி, இரண்டையும் சேர்த்தே அளந்தால்? ஐக்கிய அரபு அமீரகத்தில் வசிப்பவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் வெளிநாட்டவர். குடியுரிமையோ அபூர்வம். வருவதற்கு அதிக மார்க், உரிமைக்குக் குறைந்த மார்க், சராசரி நடுவில்! அங்கே கட்டட வேலை பார்க்கும் ஒருவருடைய நிலைமையையும் அந்த நடு எண் சொல்லாது. குறைந்த திறன் வேலைக்குத் தாராளமாக ஆள் எடுக்கும் நாடுகள் உரிமைகளில் கை வைக்கின்றன என்று மார்ட்டின் ரூஸ் 2013-லேயே ஒரு புத்தகம் எழுதிவிட்டார். சராசரி மறைப்பது இந்தப் பேரத்தைத்தான்.

இதைவிட மோசம், சட்டத்தின் வாசகத்தை மட்டும் படிப்பது. அமெரிக்காவில் வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. மனைவி, கணவன், பிள்ளைகள் எல்லாம் இதற்குள்ளேயே அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதம்தான் உச்சவரம்பு. ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7. காகிதத்தில் இதைவிடச் சமத்துவம் வேண்டுமா? ஆனால் இந்தியாவில் பிறந்த பொறியாளர் பல ஆண்டுகள் வரிசையில் நிற்கிறார். இடையில் அவர் கனடா குடியுரிமையே வாங்கினாலும் பயனில்லை. பார்ப்பது பிறந்த நாட்டை. காத்திருக்கையில் பிள்ளைக்கு 21 வயது தாண்டினால் அது பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்தே கழன்றுவிடக்கூடும். (வயதைக் கணக்கிட 2002-ல் ஒரு சலுகைச் சட்டம் வந்தது, அது எல்லோரையும் காப்பாற்றவில்லை.) "நாட்டுவாரிப் பாகுபாடு உண்டா?" என்ற கட்டத்தில் இதற்கு எத்தனை மார்க் போடுவது?

அப்படியானால் அளக்கவே வேண்டாமா? வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் உருவான டெமிக் தொகுப்பு 45 நாடுகளின் 6,500-க்கும் மேற்பட்ட கொள்கை மாற்றங்களைத் தனித்தனியாகப் பதிந்தது: யாருக்கான மாற்றம், தளர்த்தலா, இறுக்கமா என்று. 1945-க்குப் பின் தளர்த்தல்களே அதிகம், இறுக்கம் பெரும்பாலும் எல்லைக் காவலில்தான் என்ற எதிர்பாராத உண்மை அதில்தான் தெரிந்தது. யார் முதலிடம் என்று அது சொல்வதில்லை. அதனால்தான் தலைப்புச் செய்தியிலும் அது வருவதில்லை.