நனைந்த பாயும் நள்ளிரவு மணியும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலராசிரியர் கேட்டபொழுது, கல்லூரியின் வரலாற்றையோ அதனை வளர்த்த பெரியோரின் சிறப்பையோ நான் எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார். அவற்றை என்னினும் நன்கறிந்தோர் எழுதுவர். நான் எடுத்துக்கொண்ட பொருள் சபையிற் சொல்லக் கூசப்படுவது. விடுதிச்சாலையில் வாழ்ந்த நம்மவர் எல்லோரும் அறிந்ததும், அறிந்தும் பேசாது விட்டதுமாகிய ஒன்று அது. வளர்ந்த பிள்ளை நித்திரையிற் படுக்கையை நனைத்தலைக் குறித்தே எழுதப் புகுகின்றேன்.

1966 ஆம் ஆண்டில் விடுதிச்சாலையின் சிறுவர் மண்டபத்துக்கு நான் மாணவ முதல்வனாக இருந்தேன். அவ்வாண்டின் முதலாந் தவணையில் வன்னிக் கிராமமொன்றிலிருந்து ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான். வயது பத்து. கணக்கில் வல்லவன், தேவாரத்தைப் பண்ணோடு பாடுவான். வந்த மூன்றாம் நாட் காலையில் அவனுடைய பாய் கிணற்றடி வேலியிற் காய்ந்தது. பின்னர் வாரத்தில் நான்கைந்து நாட்கள் அது அங்கேயே காய்ந்தது. மற்றப் பிள்ளைகள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டினர். அதனை இங்கே எழுதமாட்டேன். அதனை முதலிற் சொன்னவன் நானல்லன். கேட்டுச் சிரித்தவர்களுள் நானும் ஒருவன். முதலில் அவனுக்கு மாலைத் தேநீர் நிறுத்தப்பட்டது. பிறகு இராச் சாப்பாட்டோடு தண்ணீர் நிறுத்தப்பட்டது. அதன்பின் பிரம்பு. அவன் நித்திரை கொள்ளாதிருக்க முயன்றான் என்பதை நான் அறிவேன். விளக்கோடு மண்டபத்தைச் சுற்றிவரும்பொழுது, அவன் சுவரிற் சாய்ந்து விழித்தபடி குந்தியிருக்கக் கண்டதுண்டு. விடியப்புறத்தில் அயர்ந்துவிடுவான், பாய் நனைந்துவிடும். இரண்டாந் தவணைக்கு அவன் திரும்பி வரவில்லை. வீட்டு நினைவால் விலகினான் என்று இடாப்பில் எழுதப்பட்டது. அவன் கிராமத்தில் அன்று ஐந்தாம் வகுப்புக்கு மேற் பள்ளிக்கூடம் இல்லை.

அவன் செய்த குற்றம் யாது? ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓவெல் எட்டு வயதில் விடுதிப் பள்ளியொன்றுக்கு அனுப்பப்பட்டவர். அங்கே படுக்கையை நனைத்ததற்காகத் தாம் அடிபட்டதை, அவர் மறைந்தபின் 1952 இல் வெளிவந்த நீண்ட கட்டுரையொன்றில் எழுதியிருக்கின்றார். இரவுதோறும் கடவுளை மன்றாடியும் காலையிற் படுக்கை நனைந்தே இருந்தது என்றும், தான் விரும்பாமலும் அறியாமலும் நிகழ்வதும் பாவமாகலாம் என்னும் எண்ணம் அங்கேதான் தம்முள்ளத்திற் பதிந்தது என்றும் கூறுகின்றார். அதே கட்டுரையில், அடிபட்ட பின்னர் அவ்வழக்கம் நின்றுபோயிற்று என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. பிரம்பை ஆதரிப்போர் அந்த ஓரிடத்தையே சுட்டிக்காட்டுவர். அதற்குத் தாம் கொடுத்த விலை பெரிது என்று அவர் உடனே சொல்வதை வாசியாது விடுவர்.

வினையை மனம், வாக்கு, காயம் என மூன்றாக வகுத்தவர்கள் நம் சமயத்தார். மனமும் வாக்கும் உறங்கிக் கிடக்கக் காயம் மட்டும் செய்துவிட்ட ஒன்றை ஒரு குழந்தையின் கணக்கில் அவர்கள் எழுதியது எங்ஙனம் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

வைத்தியர்கள் கூறும் காரணங்கள் எளியவை. இரவிற் சலம் சுரப்பதைக் குறைக்கும் ஓமோன் ஒன்று உண்டு. சில பிள்ளைகளில் அது வேண்டிய அளவு பெருகுவதில்லை. சிலருக்குச் சலப்பை கொள்ளும் அளவு சிறிது. மலச்சிக்கல் இருப்பின் அதுவும் சலப்பையை நெருக்கும். இவற்றுள் எது இருப்பினும், நிறைந்த சலப்பை அனுப்பும் செய்தி நித்திரையைக் கலைப்பதில்லை என்பதே கடைசியிற் பாயை நனைப்பது. ஐந்து வயதிற் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேரும், பத்து வயதில் ஏறக்குறைய 5 பேரும் இவ்வாறு இருக்கின்றனர். ஆண்பிள்ளைகளே மிகுதி. நூறு சிறுவர் படுக்கும் மண்டபத்தில் அந்தக் கிராமத்துச் சிறுவன் தனியனாக இருந்திருக்க முடியாது. மற்றவர் எவ்வாறோ மறைத்தனர் போலும். இது பரம்பரையாகவும் வருவது. பெற்றோரில் ஒருவர் சிறுவயதில் இத்தகையவராயின் பிள்ளைகளுள் நூற்றுக்கு 44 பேர் அளவிலும், இருவருமே அத்தகையவராயின் 77 பேர் அளவிலும் இது தோன்றுகின்றது. பிரம்பெடுக்கும் தந்தையார் முதலில் தம் தாயாரிடம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வருதல் நன்று.

நம் வீடுகளிற் கையாளப்பட்ட பரிகாரங்கள் பல. எள்ளுருண்டை கொடுத்தனர்; நூல் கட்டினர்; பார்வை பார்த்தனர்; சூடு வைப்போம் என்று வெருட்டினர். முதல் மூன்றாலும் தீங்கில்லை, எள்ளுருண்டை சுவையானதுங்கூட. இவை பலித்தன என்று சொல்வோர் இன்றும் உளர். பலித்தது போலத் தோன்றியதிற் புதுமையில்லை. படுக்கையை நனைக்கும் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர் ஆண்டுதோறும் எப்பரிகாரமும் இன்றித் தாமாகவே விடுபடுகின்றனர். அந்த ஆண்டில் நூல் கட்டியவர்க்கு நூல் காரணமாயிற்று. அடித்தவர்க்கு அடி காரணமாயிற்று. ஓவெலுக்கு நின்றுபோனதும் இவ்வகையாக இருக்கலாம்.

"வளர வளரச் சரியாகும்" என்று ஆறுதல் கூறுவோரும் இக்கணக்கையே காட்டுவர். கணக்குச் சரியானதே. ஆயினும் நூற்றுக்கு 15 பேர் கழிந்தால் 85 பேர் அடுத்த ஆண்டுக்கும் எஞ்சுகின்றனர். ஐந்து வயதுப் பிள்ளை காத்திருக்கலாம். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பெற்று விடுதிச்சாலைக்குப் போகவேண்டிய பிள்ளை காத்திருப்பதற்கு ஆண்டுகள் இல்லை.

இனி மணிக்கு வருவோம். 1904 ஆம் ஆண்டில் பவுண்ட்லர் என்னும் குழந்தை வைத்தியர், படுக்கை நனைந்தவுடன் ஒலிக்கும் மின்மணியொன்றைப் பற்றி எழுதினார். பிள்ளை நனைந்ததைத் தாதிமார் உடனே அறிந்து துணி மாற்றுவதற்கென்றே அது அமைக்கப்பட்டது. பிள்ளையைத் திருத்தும் நோக்கம் அதற்கு இருக்கவில்லை. ஆயினும் மணியுடன் உறங்கிய பிள்ளைகள் நாளடைவில் நனைப்பதைக் குறைத்தனர். தாதியின் வசதிக்குச் செய்த பொருள் பிள்ளைக்கு ஆசிரியராயிற்று. இதனை முறையான சிகிச்சையாக்கியவர்கள் அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையிற் பணியாற்றிய ஹோபட் மௌரரும் அவர் மனைவியார் வில்லி மேயும் ஆவர். 30 பிள்ளைகளிடம் இம்முறையைக் கையாண்டு, முப்பதின்மரும் நனைத்தலை விட்டனர் என்று 1938 இல் அறிவித்தனர். ஓசையொன்றைக் கேட்டதும் நாயின் வாயில் நீரூறுமாறு பவ்லொவ் பழக்கியதை நம் மாணவர் படித்திருப்பர். மௌரர் தம்பதியர் எடுத்துக்கொண்டதும் அத்தத்துவமே. சலப்பை நிறைதலும் மணியால் விழித்தலும் பல இரவுகள் ஒருங்கே நிகழுமாயின், நிறைதல் ஒன்றே விழிப்பைத் தருதற்குப் போதியதாகிவிடும்.

1966 இல் அச்சிறுவன் அடிபட்டபொழுது மௌரர் தம்பதியரின் அறிக்கைக்கு வயது 28.

பிரொய்டின் வழிவந்த உளப்பகுப்பாளர் சிலர் இம்மணியை வெறுத்தனர். படுக்கை நனைத்தல் உள்ளத்தின் ஆழத்திலுள்ள துன்பத்தின் வெளிப்பாடென்றும், மணியால் அதனை அடக்கினால் அத்துன்பம் வேறு வடிவில் வெளிவருமென்றும் கூறினர். அவ்வாறு நிகழவில்லை. படுக்கை காய்ந்தபின் பிள்ளைகளின் மனநிலை நலிவதற்கு மாறாகத் தேறவே கண்டனர். பெரும்பாலும் துன்பத்தால் நனைத்தல் உண்டாவதில்லை. நனைத்தலால் துன்பம் உண்டாகின்றது.

கருவி மிக எளிது. பழைய வகையில், இரண்டு உலோகப் படலங்களுக்கு இடையே துணியொன்றை வைத்துப் படுக்கையின் மேல் விரிப்பர். உப்புக் கலந்த சலம் துணியை நனைத்ததும் மின்சுற்றுப் பூர்த்தியாகி மணி ஒலிக்கும். இந்நாளிற் கிடைப்பது உள்ளாடையிற் கொளுவும் சிறு உணரியும் தோளருகே செருகும் சிறு மணியுமாகும். சிறிய பற்றரியே போதும். பிள்ளைக்கு மின்தாக்கம் நேருமென அஞ்சவேண்டியதில்லை.

கருவி எளிது; அதனோடு வாழ்தல் அத்துணை எளிதன்று. என் பேரன் ஒருவனுக்கு ஒன்பது வயதில் இதனை வாங்கிக் கொடுத்தோம். அவன் சம்மதம் பெற்றே இதை எழுதுகின்றேன். முதலிரவில் மணி ஒலித்தபொழுது நான் எழுந்தேன், என் மகள் எழுந்தாள், அயல்வீட்டு நாய் எழுந்து குரைத்தது, பேரன் எழும்பவில்லை. அங்கேதான் பலர் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றனர். முதல் வாரங்களில் மணி அழைப்பது பிள்ளையையன்று, வீட்டாரையே. வீட்டார் ஓடிச்சென்று பிள்ளையைத் தட்டி எழுப்பவேண்டும். மணியை அவனே நிறுத்தவேண்டும். அவனே மலசலகூடத்துக்கு நடந்துசென்று எஞ்சியதைக் கழிக்கவேண்டும். உடையை மாற்றி மணியை மீண்டும் கொளுவியபின்னரே படுக்கவேண்டும். பரிவினால் மணியைத் தாயே நிறுத்திவிட்டால் பழகுபவள் தாயே. வழக்கமாகச் சில பெற்றோர் பதினொரு மணிக்குப் பிள்ளையை அரைத்தூக்கத்தில் நடத்திச் சென்று வருவர். அதனால் அன்றைய விரிப்புத் தப்பலாம். கால்கள் நடந்தனவேயன்றி நித்திரை கலையவில்லையாதலாற் பிள்ளை எதனையும் பழகுவதில்லை.

மூன்றாம் வாரத்தில் நனைந்த இடம் பாயளவிலிருந்து உள்ளங்கையளவுக்குக் குறைந்தது. ஐந்தாம் வாரத்தில் மணிக்கு அவனே எழுந்தான். பின்னர் மணி ஒலியாத இரவுகள் வந்தன. நாட்காட்டியில் அவனே குறித்து வந்தான். அவன் எழுந்து தன் கடமையைச் செய்ததற்கே பாராட்டினோம். காய்ந்த படுக்கைக்குப் பரிசு வைக்கவில்லை. அவன் கையில் இல்லாத ஒன்றுக்குப் பரிசு வைத்தல், அதே ஒன்றுக்குத் தண்டனை வைத்தலின் மறுபக்கமே. தொடர்ந்து 14 இரவுகள் காய்ந்திருக்கும்வரை மணியை எடுக்கலாகாது என்பது விதி. எங்களுக்குப் பதினொரு வாரம் சென்றது. இப்பொழுது அவன் இரவில் எழுவதுகூட இல்லை, விடியும்வரை உறங்குகின்றான். குணமடைந்த பிள்ளைகள் பெரும்பாலார் அவ்வாறே உறங்குவர் என்று பின்னர் அறிந்தேன்.

எல்லோர்க்கும் இவ்வாறு அமையும் என்று சொல்லமாட்டேன். பற்பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், மணி பயன்பாட்டில் உள்ளபொழுது மூவரில் இருவர் அளவில் நனைத்தலை விடுகின்றனர் என்றும், மணியை எடுத்தபின்னரும் நிலைத்திருப்போர் ஏறக்குறைய அரைவாசியினர் என்றும் கண்டனர். மீண்டும் நனைத்தால் மீண்டும் மணியைக் கொளுவலாம். டெஸ்மோபிரசின் என்னும் மருந்தும் உண்டு. அது விரைவிற் பயன்தரும்; சாரணர் பாசறைக்குச் செல்லும் சில இரவுகளுக்கு ஏற்றது. நிறுத்தினாற் பெரும்பாலும் பழைய நிலையே திரும்பும். இங்கிலாந்தில் வைத்திய வழிகாட்டல்களை வகுக்கும் தேசிய நிறுவனம் 2010 இல் மணியையே முதற் சிகிச்சையாக வைத்தது. மணி வாங்குமுன் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். முன்பு மாதக்கணக்கிற் காய்ந்திருந்த பிள்ளை திடீரென நனைக்கத் தொடங்கினாலோ, பகலிலும் நனைத்தாலோ, சலம் கழிக்கையில் எரிவு இருந்தாலோ, மிகுந்த தாகமும் மெலிவும் காணப்பட்டாலோ அது வேறு நோயாக இருக்கலாம். பகலிற் பிள்ளை தாராளமாகத் தண்ணீர் குடிக்கட்டும். மாலைத் தேநீரைக் குறைக்கலாம். நாள் முழுவதும் தாகத்தில் வாட்டுதலாற் பயனில்லை.

விடுதிச்சாலைக்கு இது எவ்வாறு பொருந்தும் என்று பொறுப்பாசிரியர் கேட்பார். நியாயமான கேள்வி. ஒரு தவணை விடுமுறை இதற்குப் போதாது. இரண்டு மூன்று மாதம் வேண்டும். ஆகையால் ஒன்பது வயதிலேயே பெற்றோர் வீட்டில் தொடங்குதல் சிறந்தது. அவ்வாறு செய்யாது வந்த பிள்ளைக்கு விடுதியே வீடாதல் வேண்டும். நாற்பது பேர் உறங்கும் மண்டபத்தில் மணி ஒலித்தால் அதுவே இரண்டாவது பட்டப்பெயராகும். ஓசையின்றி அதிரும் வகைக் கருவிகள் இன்று உண்டு. எனினும் ஆழ்ந்து உறங்கும் சிறுவனை எழுப்ப முதல் வாரங்களில் அருகே ஒருவர் வேண்டும். மண்டபத்தை அடுத்து ஒரு சிற்றறை, அதில் இரண்டு கட்டில்கள், மலசலகூடத்துக்கு வெளிச்சமுள்ள ஒரு வழி, இரவில் எழுந்திருக்க மனமுள்ள ஒரு பெரியவர் ஆகியன போதும். அந்தப் பெரியவர் மாணவ முதல்வனாக இருத்தலாகாது. பதினேழு வயது இளைஞனின் சிரிப்பை நான் அறிவேன். விடுதி விண்ணப்பப் பத்திரத்தோடு, பொறுப்பாசிரியர் மட்டும் திறக்கும் உறையொன்றும் பெற்றோருக்கு அனுப்பப்படலாம். பெற்றோர் மறைப்பது பிள்ளை துரத்தப்படுவான் என்ற அச்சத்தினாலேயே. அவ்வச்சம் ஆதாரமற்றதென்று சொல்ல 1966 இல் நம்மால் இயன்றிருக்காது.

முதலிரண்டு மணிகளின் செலவை நான் ஏற்றுக்கொள்கின்றேன். அறையையும் ஆளையும் பற்றிய பிரேரணையைப் பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திற் கொண்டுவர எண்ணியுள்ளேன். வழிமொழிதற்கு ஒருவர் வேண்டும்; அந்த மண்டபத்தில் என்னோடு கூடிச் சிரித்தவருள் ஒருவராயின் மகிழ்வேன்.