பிள்ளைக்குச் சக்தி போதாததால் வந்த சளியா?

ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் வாய்த்தது நம் குமரி மாவட்டம். கைக்குழந்தை இருமத் தொடங்கினால், பார்க்க வருகிறவர்கள் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி போதாது, அதான் நெஞ்சுல சளி கட்டியிருக்கு." கையோடு ஒரு டானிக் பெயரும் வரும். நாகர்கோவில் முதல் குழித்துறை வரை கேட்கும் இந்தப் பேச்சு பெரும்பாலும் தவறு.

சக்தி குறைந்த பிள்ளைக்குத்தான் இது வருமாம். கைக்குழந்தைகளின் மூச்சிரைப்புக்கு முதற்காரணம் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ். குமரி தமிழ்நாட்டோடு இணைந்த அதே 1956-இல்தான் அதை முதலில் கண்டார்கள், சளி பிடித்த சிம்பன்சிகளிடம். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் அது ஒருமுறையாவது தொட்டுவிடும். கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையும் விலக்கல்ல.

நெஞ்சில் கட்டுவது என்ன? வைரஸ் தொட்டதும் சிறு மூச்சுக்குழாயின் உள்தோல் அபாயக்குரல் எழுப்புகிறது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் படையாக வந்து இறங்குகின்றன. சுவர் வீங்குகிறது, உதிர்ந்த செல்களும் கோழையும் சேர்ந்து குழாயை அடைக்கின்றன. குழாயின் ஆரம் பாதியானால் காற்றுக்கான தடை 16 மடங்கு ஆகும். அதனால்தான் அகலமான குழாயுள்ள பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷம், பிள்ளைக்கு இழுப்பு. அடைப்பில் பெரும்பங்கு எதிர்ப்பு வேலையின் விளைவே.

எதிர்ப்பைக் கூட்டினால் நல்லதுதானே என்பார்கள். 1966-இல் அமெரிக்காவில், ஃபார்மலினில் செயலிழக்கச் செய்த ஆர்.எஸ்.வி. தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு தொற்று கண்டபோது, அவர்களில் 80 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அந்த ஊசி போடாதவர்களில் 5 சதவீதம்தான். இரண்டு குழந்தைகள் இறந்தன. எதிர்ப்பு தூண்டப்பட்டது உண்மை, தூண்டப்பட்ட வகைதான் கோளாறு. அந்த அதிர்ச்சி இந்தத் தடுப்பூசி ஆராய்ச்சியைப் பல பத்தாண்டுகள் பின்னுக்குத் தள்ளியது.

சக்தி போதாது என்ற பேச்சில் ஒரு துளி உண்மை உண்டு, மறைக்க மாட்டேன். தாயின் எதிர்ப்புப் புரதம் கடைசி மூன்று மாதங்களில்தான் கருவுக்கு மிகுதியாகப் போகிறது. அதனால் குறைமாதப் பிள்ளைக்கு ஆபத்து அதிகம். ஆர்.எஸ்.வி. தொற்றால் இறந்த குழந்தைகளின் நுரையீரலை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வில், வைரஸ் தொற்றிய செல்களைக் கொல்லும் டி-செல்கள் மிகக் குறைவாகவே இருந்தன. ஆக, சரியான படை சரியான நேரத்தில் வருவதே காரியம். அதை எந்த டானிக்கும் வரவழைக்காது. தாய்ப்பால் கொஞ்சம் உதவும்.

சளி மஞ்சளாகிவிட்டது, ஆன்டிபயாடிக் வேண்டும் என்பது அடுத்தது. மஞ்சள் நிறம் அந்த வெள்ளணுக்கள் தந்தது; வைரஸ் ஆன்டிபயாடிக்குக்கு மசியாது. அழற்சிதானே, ஸ்டீராய்டு கொடுத்தால் என்ன? அதே 2007-இல் வெளியான இன்னோர் ஆய்வில் 600 குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்வது குறையவில்லை. இறுகிய குழாயைத் தளர்த்த நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமாலும் வழக்கமாகத் தேவையில்லை என்றே 2014-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொன்னது. குழாய் இறுகியதைவிட வீங்கி அடைத்ததுதானே அதிகம்!

பாட்டிமாரிடம் சண்டை போட எனக்கு ஆசையில்லை. ஆனால் மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் எண்ணெயே நிமோனியா ஆகும். இருமல் சிரப்பும் வேண்டாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான நச்சு சிரப் 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்ற பிறகு, இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல் மருந்தே கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது.

மூக்கைச் சுத்தம் செய்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுங்கள். பிள்ளை தூங்கும்போது சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50: அதைத் தொட்டாலோ, விலா உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரவிலும் திறந்திருக்கிறது.