குளிருக்கு என்ன விலை?

கோடை விடுமுறைக்கு எங்கே போவது என்ற கேள்வி தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் மார்ச் மாதமே தலைதூக்கிவிடும். ஊட்டி, கொடைக்கானல் என்று முதலில் பேச்சு எழும். 2024 மே மாதத்திலிருந்து அந்த இரண்டு இடங்களுக்கும் இ-பாஸ் தேவை என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு அந்தப் பேச்சு கொஞ்சம் சீக்கிரமே அடங்கிவிடுகிறது. அடுத்து வருவது பெங்களூர். அதற்குள் வீட்டில் யாராவது ஒருவர் மைசூரை இழுப்பார். அரண்மனை இருக்கிறது, மிருகக்காட்சி சாலை இருக்கிறது, செலவும் குறைவு என்பார். பெங்களூர்க் கட்சிக்காரர்களின் துருப்புச் சீட்டு ஒன்றுதான்: "அங்கே குளிரும்."

இந்த வாதத்துக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது. மைசூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1799-இல் திப்பு சுல்தானை வீழ்த்திய ஆங்கிலேயப் படை அங்கேயே முகாம் போட்டது. காவிரிக்கரைக் கொசுக்களும் காய்ச்சலும் சிப்பாய்களை வாட்டின. 1809-இல் படையைப் பெங்களூருக்கு மாற்றி கன்டோன்மென்ட்டை அமைத்தார்கள். 1831-இல் மைசூர் அரசின் நிர்வாகத்தைக் கைப்பற்றியபோது தலைமைச் செயலகத்தையும் அங்கேயே கொண்டுபோனார்கள். படையோடும் படையை நம்பிய தொழில்களோடும் போய்க் குடியேறிய தமிழர்களின் சந்ததிகள் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இன்றும் இருக்கிறார்கள். இரண்டு ஊர்களின் சீதோஷ்ணத்தை ஒப்பிட்டு எடுத்த ஒரு முடிவுதான் பெங்களூரைத் தலைநகராக்கியது என்று சொன்னால் அது மிகையல்ல.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மைசூர் அதைவிட 150 மீட்டர் தாழ்வு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 முதல் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு டிகிரிதான் வித்தியாசம். அந்த ஒரு டிகிரிக்காகக் குடும்பத்தில் சண்டை தேவையில்லை. சென்னையோடு ஒப்பிட்டால்தான் ஆறு டிகிரி கிடைக்கும். அதுவும் முழுதாகக் கிடைக்கிறதா என்பதே இப்போதைய கேள்வி.

பெங்களூரின் மிக உஷ்ணமான மாதம் ஏப்ரல். சராசரி அதிகபட்ச வெப்பம் 34 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். மைசூரிலும் ஏறத்தாழ அதேதான். 2016 ஏப்ரல் 24 அன்று பெங்களூரில் 39.2 டிகிரி பதிவானது. ஊர் அதுவரை காணாத உச்சம் அது. 2024 ஏப்ரலில் வெப்பம் 38-ஐத் தாண்டியது. அந்த மாதம் முழுவதும் நகரத்து வானிலை நிலையத்தில் மழையே பதிவாகவில்லை. மின்விசிறி மாட்டக் கொக்கிகூட இல்லாமல் கட்டப்பட்ட பழைய பெங்களூர் வீடுகளில் இப்போது ஏ.சி. தொங்குகிறது. சென்னையின் உச்சம் 45 டிகிரி (2003 மே 31) என்பதால், அங்கிருந்து போகிறவருக்கு 38 ஒன்றும் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் 38 டிகிரிக்கு யாரும் டிக்கெட் எடுப்பதில்லை.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு விடை இந்திய அறிவியல் கழகத்தில் டி.வி. ராமச்சந்திராவும் அவரது குழுவினரும் செய்த ஆய்வுகளில் இருக்கிறது. 1973-க்குப் பிறகு நான்கு பத்தாண்டுகளில் நகரத்தின் மரம் செடிப் பரப்பில் 88 சதவீதமும் நீர்நிலைகளில் 79 சதவீதமும் காணாமல் போய்விட்டதாக அவர்கள் கணக்கிட்டார்கள். ஏரியில் கட்டடம் எழும்பினால் வெயில் காலத்தில் உஷ்ணம், மழைக் காலத்தில் வெள்ளம். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையின் மென்பொருள் நிறுவன ஊழியர்கள் டிராக்டரில் அலுவலகம் போன காட்சியை நாடே பார்த்தது.

இருந்தாலும் பெங்களூருக்கும் மைசூருக்கும் இன்னும் கையில் ஒரு நல்ல சீட்டு உண்டு: இரவு. மே மாதத்தில் சென்னையின் இரவு 28 டிகிரிக்குக் கீழே இறங்கவே அடம் பிடிக்கும். கடற்காற்றில் ஈரம் வேறு. பெங்களூரிலும் மைசூரிலும் ஏப்ரல், மே இரவுகள் 21, 22 டிகிரிக்கு வந்துவிடும். வியர்வை உடனே காயும். பகலில் ஊர் சுற்றுகிறவர் ஏமாறலாம், தூங்கப் போகிறவர் ஏமாறுவதில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பெங்களூரில் ஏப்ரலைவிட மே மாதம் சற்றுத் தணிவு, காரணம் மாலை இடிமழை. சென்னையில் அக்னி நட்சத்திரம் கொளுத்துவது அதே மே மாதத்தில்தான். ஆகவே இரண்டு ஊர்களுக்கும் இடையேயான இடைவெளி மிக அகலமாக இருப்பது மே மாதத்தின் பிற்பாதியில். பள்ளிக்கூடம் அடைத்த மறுநாளே ஏப்ரல் கடைசியில் மூட்டை கட்டுகிறவர்கள் மூன்று வாரம் பொறுத்தால், கொடுக்கும் பணத்துக்குக் கூடுதல் குளிர் கிடைக்கும்.

இனி பணம். சென்னையிலிருந்து பெங்களூர் ரயில் வழியில் 362 கி.மீ. மைசூர் சுமார் 500 கி.மீ. ரயில்வே கட்டணம் தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்குக் குறைந்துகொண்டே போகும் வகையில் அமைக்கப்பட்டது. அதனால் 138 கி.மீ. அதிகம் போனாலும், இரண்டாம் வகுப்புத் தூங்கும் வசதிப் பெட்டியில் நபருக்கு நூறு ரூபாய்க்குள்தான் கூடுகிறது. இரவு காவேரி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் காலையில் மைசூர். ஓர் இரவு ஹோட்டல் வாடகையும் மிச்சம். 2022 நவம்பர் 11 அன்று சென்னைக்கும் மைசூருக்கும் இடையே தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் ரயில் தொடங்கியபோது, சென்னையிலிருந்து மைசூருக்கு ஆறரை மணி நேரப் பயணத்துக்கு சேர் காரில் கட்டணம் 1,200 ரூபாய். நான்கு பேர் கொண்ட குடும்பம் போக வரக் கணக்குப் போட்டால், தூங்கும் வசதிக்கும் வந்தே பாரத்துக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் மைசூரில் ஒரு நாள் செலவு முழுவதும் அடங்கிவிடும்.

முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாக ரயில்வே குறைத்துவிட்டது. மே 20 பயணத்துக்கு மார்ச் மூன்றாவது வாரத்தில் உட்கார வேண்டும். தவறினால் ஆம்னி பஸ். விடுமுறை நாட்களில் ஆம்னி பஸ் கட்டணம் என்னவாகும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

விமானத்தை நம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெங்களூரின் பழைய எச்.ஏ.எல். விமான நிலையம் ஊருக்குள் இருந்தது. 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புதிய நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து ஊர் மையம் 35 கி.மீ. தள்ளிப் போய்விட்டது. சென்னையிலிருந்து பறப்பதற்கு ஒரு மணி நேரம், இறங்கியபின் ஊருக்குள் வர அதைவிட அதிக நேரம். சில நாட்களில் டாக்சிச் செலவு டிக்கெட் விலையை எட்டிப் பிடித்துவிடும்.

ஊருக்குள் வந்த பிறகுதான் பெங்களூர் பையைக் காலி செய்கிறது. டாம்டாம் நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், நகர மையத்தில் 10 கி.மீ. கடக்க சராசரியாக 29 நிமிடம் ஆனது. உலகில் லண்டனுக்கு அடுத்த மந்தம் அது. மெட்ரோ ரயில் 2011-இலிருந்து ஓடுகிறது. அதன் அதிகபட்சக் கட்டணம் 2025 பிப்ரவரியில் 60 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 90 ஆனது. அப்போது சென்னை மெட்ரோவில் அது 50 ரூபாய். ஆட்டோவுக்கு 2025 ஆகஸ்ட் முதல் குறைந்தபட்சம் 36 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 18. மீட்டர் போடும் ஆட்டோ கிடைப்பது தனிக் கதை. லால்பாக், கப்பன் பூங்கா, விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறவருக்குச் செலவு அதிகமில்லை. ஒயிட்ஃபீல்டில் இருக்கும் அண்ணன் மகனையும் பன்னர்கட்டா விலங்குப் பூங்காவையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைப்பவருக்குத்தான் சங்கடம். தர்ஷினிகளில் நின்றுகொண்டே சாப்பிடும் டிபனும் காபியும் மட்டும் இன்றும் பெங்களூர் கொடுக்கும் சலுகை.

மைசூரில் அரண்மனை, மிருகக்காட்சி சாலை, தேவராஜா மார்க்கெட் எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கின்றன. சாமுண்டி மலைக்கு நகரப் பேருந்து போகிறது. 1892-இல் தொடங்கிய மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதை அறியாமல் வந்து கதவைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் உண்டு. ஞாயிறு மாலை அரண்மனை விளக்கேற்றத்தைப் பார்க்கக் காசு வேண்டாம். அந்த அரண்மனையைக் கட்டிய ஹென்றி இர்வினுக்கு சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் பங்கு உண்டு. சென்னையிலிருந்து போகிறவர்களுக்குக் குவிமாடங்கள் எங்கேயோ பார்த்தவை போலத் தோன்றினால் காரணம் அதுதான்.

பஸ் கட்டணத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கர்நாடகத்தின் சக்தி திட்டம் 2023 ஜூன் 11 அன்று தொடங்கியது. அரசின் சாதாரணப் பேருந்துகளில் மாநிலம் முழுவதும் பெண்கள் இலவசமாகப் போகலாம். ஆனால் கர்நாடகத்தில் வசிப்பவர் என்பதற்கு அடையாள அட்டை காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2021-இல் வந்த திட்டம் நகரப் பேருந்துகளுக்கு மட்டும்தான், ஆனால் ஊரைக் கேட்பதில்லை. மாண்டியாவிலிருந்து வரும் பெண்மணி சென்னையில் சாதாரணப் பேருந்தில் காசில்லாமல் மெரினாவுக்குப் போகலாம். சேலத்திலிருந்து போகும் பெண்மணி மைசூரில் டிக்கெட் வாங்கியே தீர வேண்டும்.

தங்கும் அறை விஷயத்தில் இரண்டு ஊர்களின் கிழமைகளும் நேர் எதிர். பெங்களூர் ஹோட்டல்கள் வேலை விஷயமாக வருகிறவர்களை நம்பியவை. திங்கள் முதல் வியாழன் வரை வாடகை ஏறி, சனி ஞாயிறில் இறங்குவது வழக்கம். மைசூரில் சனி ஞாயிறுதான் கிராக்கி, வருகிறவர்கள் பெங்களூர்க்காரர்கள். 2023 மார்ச் 12 அன்று 118 கி.மீ. விரைவுச் சாலை திறக்கப்பட்ட பிறகு இந்தக் கூட்டம் இன்னும் பெருகியது. முன்பு மூன்று மணி நேரமான பயணம் ஒன்றரை மணிக்குச் சுருங்கியது, கூடவே சுங்கமும் வந்தது. வேகம் உயிர்களைப் பறித்ததால் அதே ஆண்டு ஆகஸ்டில் இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் அதில் தடை செய்யப்பட்டன. ஆகவே இரண்டையும் பார்க்கும் திட்டமிருந்தால் வார இறுதியைப் பெங்களூரிலும் வார நாட்களை மைசூரிலும் கழிப்பது சிக்கனம். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். தசராவின்போது மட்டும் மைசூரில் எந்தக் கணக்கும் செல்லாது.

பெங்களூரின் உயரத்துக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. குளிரைக் கொடுக்கும் அதே 920 மீட்டர்தான் தண்ணீரை அருமையாக்குகிறது. காவிரி நீர் சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து, அரை கிலோமீட்டர் உயரத்துக்கு மின்சாரத்தால் ஏற்றப்பட்டு நகரத்துக்கு வருகிறது. 2024 மார்ச்சில் ஆழ்குழாய்கள் வற்றியபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. லாரித் தண்ணீரை நம்பும் ஹோட்டலில் தங்கும் விருந்தாளி அந்தச் செலவையும் வாடகையில் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார். மைசூருக்குக் காவிரியும் கபினியும் கூப்பிடு தூரம்.

1896-இல் பெங்களூருக்கு வந்த வின்ஸ்டன் சர்ச்சில் என்ற இளம் ராணுவ அதிகாரிக்கும் இந்த ஊர்ச் செலவு கட்டுப்படியாகவில்லை போலிருக்கிறது. பெங்களூர் கிளப்பின் 1899-ஆம் ஆண்டுப் பேரேட்டில் அவர் பெயரில் 13 ரூபாய் பாக்கி நிற்கிறது.

உண்மையில் இந்த இரண்டு ஊர்களும் தங்கள் அழகைக் காட்டுவது ஏப்ரலிலோ மேயிலோ அல்ல. ஜூலை, ஆகஸ்டில் மேகமூட்டமும் தூறலுமாகப் பகலே 28 டிகிரியைத் தாண்டத் தயங்கும். டிசம்பர், ஜனவரியில் இரவு 15, 16 டிகிரி. ஜூலையில் ரயிலில் இடமும் கிடைக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும். ஆனால் அப்போது பள்ளிக்கூடம் திறந்திருக்கும். காலாண்டு விடுமுறையில் போகலாம் என்றால் செப்டம்பரும் அக்டோபரும் பெங்களூரில் அதிக மழை பெய்யும் மாதங்கள், மைசூரில் தசரா விலை. பிள்ளைகள் படிக்கும் வரை, அதிக விலை கொடுத்து மோசமான பருவத்தை வாங்குவது என்பது நடுத்தரக் குடும்பத்துக்கு எழுதப்பட்ட விதி.

பள்ளிக்கூட நாட்காட்டியிலிருந்து விடுதலை பெற்றவர்கள் ஓய்வூதியக்காரர்கள்தான். ஆகஸ்ட் மாதத்து ஒரு புதன்கிழமை காவேரி எக்ஸ்பிரஸில் ஏறி, வியாழன் காலை மைசூரில் இறங்கி, வாரக் கடைசியில் பெங்களூர் வழியாகத் திரும்ப அவர்களால் முடியும். அவர்களுக்கு ரயில் கட்டணத்தில் ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் தள்ளுபடி இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி ரயில்வே அதை நிறுத்தியது.