ஒரு காம்பராவில் பிடித்தால் முழு லயமும் எரியும்

மார்கழியும் தையும் மலையகத்தில் கடுங்குளிர் காலம். நுவரெலியாப் பக்கத்தில் சில நாட்களில் விடியற்காலை புல்லின் மேல் உறைபனியே படிந்து கிடக்கும். தூறலில் நனைந்து மலையை விட்டு இறங்கும் தொழிலாளி முதலில் தேடுவது அடுப்படியைத்தான். மற்ற மாதங்களை விட இப்போது அடுப்பு அதிக நேரம் எரிகிறது. ஆகவேதான் இந்த இதழில் தீயைப் பற்றிப் பேசுகிறோம்.

லயத்துத் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் வரிசையாகக் கட்டிய பல லயங்களில் வீட்டுக்கு வீடு இருக்கும் சுவர் கூரைவரை எட்டுவதில்லை. மேலே பழைய மரச் சட்டங்கள், பல வருடப் புகைக்கரி. ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரைக்கு அடியிலேயே ஓடி மறு தொங்கல் வரை போய்விடும். தீயணைப்பு வண்டி நகரத்திலிருந்து தோட்டத்து ரோட்டில் ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஆகவே முதல் காவல் நாங்கள்தான். ஈர விறகை மூட்ட மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். எரியும் அடுப்பில் ஊற்றவே கூடாது. அடுப்புக்கு மேல் கம்பளியும் சட்டையும் காயப் போட்டுவிட்டு பெரட்டுக்குப் போக வேண்டாம். போகுமுன் தணலைத் தண்ணீர் தெளித்து அணையுங்கள். குளிருக்காகத் தணல் சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பது இன்னும் ஆபத்து. அதன் நச்சுப் புகைக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். ஒரு பிளக்கில் ஹீட்டர், அயன், கேத்தல் என்று எல்லாவற்றையும் மாட்ட வேண்டாம். ஒயர் சூடானாலோ கருகிய வாடை வந்தாலோ மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சி, சேமலாப நிதிக் கடிதங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் கதவோரம் வையுங்கள். ஆனால் தீ பிடித்துவிட்டால் பிள்ளைகளும் முதியவர்களும் முதலில், பை பிறகுதான். தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990.

இவ்வளவும் எங்கள் பொறுப்பு. ஆனால் இதோடு கணக்கு முடிந்துவிடாது. லயம் எரிந்த ஒவ்வொரு முறையும் "மின்னொழுக்கு" என்றும் "கவனயீனம்" என்றும் சொல்லிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய காம்பராவில் மூன்று குடும்பங்கள் இருப்பது யாருடைய கவனயீனம்? ஒரு பல்புக்காக இழுத்த பழைய ஒயரில் இன்று முழு வீடும் ஓடுவது யாருடைய கவனயீனம்? சுவரும் கூரையும் எங்கள் பெயரில் இல்லை. ஒரு தகரத்தை மாற்றுவதற்கும் துரையிடம் அனுமதி கேட்க வேண்டியவர்கள் நாங்கள்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதமே எழுத்தில் நான்கு கோரிக்கைகளை வைக்க வேண்டும். லயங்களின் மின் இணைப்புகளைத் தகுதியான மின் தொழிலாளியைக் கொண்டு பரிசோதித்து, வீட்டுக்கு வீடு ட்ரிப் சுவிட்ச் பொருத்த வேண்டும். வீடுகளுக்கு இடைப்பட்ட சுவர்களைக் கூரைவரை உயர்த்த வேண்டும். லயத்துக்கு அருகில் எப்போதும் நிறைந்த தண்ணீர்த் தாங்கியும் மணல் வாளிகளும் வேண்டும். வண்டி வந்து சேரக்கூடிய ரோடு வேண்டும். கடிதத்தின் பிரதியைச் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அடுத்த பேச்சுவார்த்தையில் அதுவே முதல் விடயமாக இருக்கும்.

லயம் எரிந்த பிறகு பாய், அரிசி, பழைய துணி எல்லாம் வருகின்றன. கொடுக்கும் கைகளுக்கு நன்றி சொல்கிறோம். ஆனால் அந்தக் குடும்பங்கள் பாடசாலை மண்டபத்திலிருந்து தற்காலிகக் கொட்டிலுக்குப் போய் வருடக்கணக்கில் அங்கேயே கிடப்பதையும் பார்த்துவிட்டோம். எரிந்த பிறகு தருவதாகச் சொல்லும் தனி வீட்டையும் காணி உறுதியையும் எரியுமுன்னே தர வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

அதுவரை இரவு படுக்குமுன் உங்கள் அடுப்பைப் பாருங்கள். பக்கத்து வீட்டு அடுப்பையும் ஒரு வார்த்தை கேளுங்கள். கூரை ஒன்றுதான்.