குளம் கட்டிய ஆண்டைக் குழந்தை அறியாது

பேரக்குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள ஆஸ்திரேலியா செல்லும் பெரியோர் நம் வாசகர்களிடையே உள்ளனர். அங்கே பல வீடுகளின் பின்புறத்தில் நீச்சல் குளம் உண்டு. அக்குளத்துக்கு எத்தகைய வேலி வேண்டும் என்பது அந்நாட்டில் நெடுங்காலச் சட்டப் பூசலாகும்.

சிட்னி அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், 1990-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய குளங்களுக்கும் வேலியைக் கட்டாயமாக்கியது. எதிர்ப்பு எழவே, 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தளர்த்தியது. 1990 ஆகஸ்டு 1-க்கு முன் கட்டிய குளமாயின், வீட்டுக்கும் குளத்துக்கும் இடையே வேலி இல்லாவிடினும், வீட்டின் கதவுகளும் சன்னல்களும் குழந்தை திறக்க இயலாதவாறு அமைந்திருந்தால் போதும் என்றாயிற்று. குயின்ஸ்லாந்து மாநிலமோ, எந்த ஆண்டில் கட்டிய குளமாயினும் 2015 நவம்பர் 30-க்குள் ஒரே தரத்துக்கு வரவேண்டும் என விதித்தது.

உரிமையாளர்களின் வாதம் பொருளற்றதன்று. கட்டியபோது சட்டம் அனுமதித்ததைப் பின்னர் குற்றமாக்குவது முறையா என அவர்கள் கேட்கின்றனர், செலவும் சிறிதன்று. எனினும், மருத்துவர் என்ற முறையில் குயின்ஸ்லாந்தின் முடிவே சரியென்பேன். மூழ்கும் சிறு குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. பிராணவாயு இன்றி மூளை சில நிமிடங்களே தாங்கும். அதன்பின் இதயத் துடிப்பை மீட்டாலும் மூளையின் திறனை மீட்க இயலாமல் போகலாம். குளம் எந்த ஆண்டில் கட்டப்பட்டதாயினும் இந்த நிமிடங்கள் நீள்வதில்லை.

வீட்டின் எல்லையில் மட்டும் நிற்கும் வேலி, வீட்டுக்குள்ளிருந்து வரும் குழந்தையைத் தடுக்காது. விருந்தினர் வரும் நாளில் பின்கதவு திறந்தே கிடக்கும். ஆகவேதான், குளத்தை நான்கு புறமும் தனியே சூழும் வேலி கூடுதலாகக் காக்கிறது. ஆய்வுகளும் இதையே காட்டியுள்ளன.

"கவனமாகப் பார்த்துக்கொண்டால் வேலி எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. கவனம் இன்றியமையாதது. ஆனால் அடுப்பில் பால் பொங்கும், தொலைபேசி ஒலிக்கும். அந்த இடைவெளிக்காகவே வேலி. அது பராமரிப்பவரைப் பழிப்பதன்று. அவருக்குத் துணை நிற்பது.

அத்தகைய வீட்டுக்குச் சென்றால் முதல் நாளே பாருங்கள். வேலி 1.2 மீட்டருக்குக் குறையாத உயரம் உடையதா? அதன் கதவு தானே மூடித் தாழிட்டுக்கொள்கிறதா? ஏறி நிற்க உதவும் நாற்காலியோ பூந்தொட்டியோ அருகில் உள்ளதா? கதவுக்கு முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்காதீர்கள். நம் ஊரில் கிணற்றுக்கும் தரைமட்டத் தண்ணீர்த் தொட்டிக்கும் இதே கவனம் வேண்டும்.

மூழ்கிய குழந்தை மூச்சின்றிக் கிடந்தால், தலைகீழாகப் பிடித்து நீரை வெளியேற்ற முயலாதீர்கள். உடனே வாயோடு வாய் வைத்து மூச்சளித்து, மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். அருகிலிருப்பவரை அவசர உதவிக்கு அழைக்கச் சொல்லுங்கள். அழைப்பு எண் ஆஸ்திரேலியாவில் 000, தமிழ்நாட்டில் 108.

வழக்கு எத்தனை ஆண்டுகள் நடந்தாலும் தீர்ப்பு வந்துவிடும். இழந்த குழந்தையை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. பழைய குளத்துக்குச் சட்டம் விலக்கு அளித்தாலும், அவ்விலக்கை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.