வாரத்துக்கு எத்தனை டயாலிசிஸ்? முதல்ல யூரினை அளங்க!

பொட்டி தட்டுற மக்களுக்கு 'ஹார்ட்கோடிங்'னா என்னன்னு தெரியும். உள்ளே வர்ற டேட்டாவைப் பார்த்து முடிவு பண்ண வேண்டிய ஒரு எண்ணை, சோம்பேறித்தனமா நேரடியா கோடுக்குள்ள எழுதி வைக்கிறது. ஆரம்பத்துல நல்லாத்தான் ஓடும். அப்புறம் ஒரு நாள் கழுத்தை அறுக்கும்.

டயாலிசிஸ் விஷயத்துல உலகம் பூரா இப்படி ஒரு ஹார்ட்கோடிங் நடக்குதுங்கிறதுதான் இந்தப் பதிவோட புலம்பல். அமெரிக்கா மாதிரி நாடுகள்ல அந்த எண் 3. வாரத்துக்கு மூணு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம். நம்மூர்ல நிறைய பேருக்கு அது 2. காரணம் மருத்துவம் இல்லை. பஸ் செலவு, வேலைக்கு லீவு, மெஷின் கிடைக்கிற நேரம். ரெண்டு இடத்துலயும் விட்டுப்போனது ஒண்ணுதான்: அந்த ஆளோட சொந்தக் கிட்னி இன்னும் எவ்வளவு வேலை செய்யுதுன்னு பார்க்கிறது.

'கிட்னி ஃபெயிலியர்'னு சொன்னதுமே கிட்னி சுத்தமா நின்னு போச்சுன்னு நினைச்சுக்கிறோம். டயாலிசிஸ் ஆரம்பிக்கும்போது பெரும்பாலானவங்களுக்கு அப்படி இல்லை. கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்கும். யூரினும் போகும்.

அந்தக் கொஞ்சம் எவ்வளவுன்னு ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மிச்சமிருக்கிற கிட்னி நிமிஷத்துக்கு வெறும் 4 மில்லி ரத்தத்திலிருந்து யூரியாவை எடுக்குதுன்னு வச்சுக்குங்க. வாரத்துக்கு 10,080 நிமிஷம். ஆக 40 லிட்டர். மெஷின் நிமிஷத்துக்கு 200 மில்லி வீதம் நாலு மணி நேரம் ஓடினா 48 லிட்டர். அதாவது 'செத்துப்போன' கிட்னி, வாரத்துல கிட்டத்தட்ட ஒரு தடவை டயாலிசிஸ் செய்யற வேலையைச் சத்தமில்லாம செஞ்சுட்டு இருக்கு! ஊசி இல்லை, ஆட்டோ செலவு இல்லை. ராத்திரி தூங்கும்போதும் ஓடுது. மெஷின் சரியா எடுக்காத, புரதத்தோட ஒட்டிக்கிட்டிருக்கிற சில கழிவுகளையும் அது எடுக்குது.

இது வெறும் பேப்பர் கணக்கு இல்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொண்டவர்களைப் பற்றிய கனுசா ஆய்வை 2001ல் மறுபடி அலசினாங்க. நாளைக்கு 250 மில்லி யூரின் கூடுதலாப் போனவங்களுக்கு இறப்பு அபாயம் 36 சதவீதம் குறைவா இருந்தது. (யூரின் போறவங்க மற்ற விதத்திலும் திடமா இருந்திருக்கலாமேன்னு கேட்டா, நியாயமான கேள்விதான். ஆனாலும் இவ்வளவு பெரிய சமாச்சாரத்தை அளக்காம விடறதுக்கு அது காரணம் ஆகாது.)

சரி, இந்த 3 எங்கேருந்து வந்துச்சு? 1960ல் சியாட்டிலில் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர் நீண்டகால டயாலிசிஸை ஆரம்பிச்சு வச்சார். அதுக்கப்புறம் அனுபவத்துல, பட்டுத் தெரிஞ்சு, வாரம் மூணுன்னு நிலைச்சுது. ரெண்டையும் மூணையும் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடிச்ச எண் இல்லை.

மிச்சக் கிட்னியை அளந்து, அதுக்குத் தகுந்தபடி குறைவா ஆரம்பிச்சு, அது குறையக் குறைய டயாலிசிஸைக் கூட்டுறதுக்கு 'இன்க்ரிமென்டல் டயாலிசிஸ்'னு பேர். அமெரிக்க நேஷனல் கிட்னி ஃபவுண்டேஷன் 2015ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே, கிட்னி கணிசமா மிச்சம் இருந்தா டயாலிசிஸைக் குறைக்கலாம்னு இருக்கு. ஒரே நிபந்தனை: அவ்வப்போது அளந்துக்கிட்டே இருக்கணும். 2022ல் இங்கிலாந்தில் இருந்து ஒரு சின்ன ஆய்வு வந்தது, 55 பேர்தான். ரெண்டு முறையிலும் மிச்சக் கிட்னி ஒரே வேகத்துலதான் தேய்ஞ்சுது. குறைவா ஆரம்பிச்சவங்களுக்குப் பெரிய சிக்கல்கள் கம்மி.

"அப்போ நம்மூர்ல ரெண்டு தடவை போறது சரிதானே?"ன்னு உடனே கேப்பீங்க. இங்கதான் மேட்டரே இருக்கு. அளந்து 2 வேற, அளக்காம 2 வேற!

எங்க சித்தப்பா ஒண்ணரை வருஷமா டயாலிசிஸ்ல இருக்கார். திங்களும் வியாழனும். ஃபைல் ரெண்டு இஞ்ச் தடிமன். ஹீமோகுளோபின், க்ரியாட்டினின், பொட்டாசியம் எல்லாம் இருக்கு. யூரின் எவ்வளவு போகுதுன்னு ஒரு வரி இல்லை. போன வருஷக் கடைசியில ஞாயிறு ராத்திரியானா மூச்சு வாங்கும். படுக்க முடியாம உட்கார்ந்தே தூங்குவார். "தண்ணியைக் குறைங்க"ன்னு மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. "முன்ன மாதிரி யூரின் போகலடா, ஆனா அதை யாரு கேக்குறா?"ன்னார். ஒரு வாட்டர் கேன்ல 24 மணி நேரம் பிடிச்சுப் பார்த்தோம். 150 மில்லி. ஒரு டீ கிளாஸ் அளவு. அதைக் கொண்டுபோய்க் காட்டின பிறகுதான் வாரம் மூணு ஆச்சு. இப்போ படுத்துத் தூங்குறார்.

ஆக இது 'குறைச்சுக்கோங்க'ங்கிற பதிவு இல்லை. அளவெடுக்காம தைச்சா சிலருக்குத் தொளதொள, சிலருக்கு மூச்சு முட்டும். அவ்வளவுதான்.

மறுப்பு இல்லாமல் இல்லை. யூரினைப் பிடிச்சு வைக்க ஜனங்க கூச்சப்படுவாங்க, பாதியைக் கொட்டிடுவாங்க. உண்மை. ஆனா சர்க்கரை நோயாளிகள் வீட்டிலேயே ரத்தம் குத்திப் பார்க்கப் பழகலையா? இன்னொண்ணு, ரெண்டுல ஆரம்பிச்சவர் பின்னாடி மூணுக்கு ஒத்துக்க மாட்டார். இது நிஜமான சிக்கல். அதனால முதல் நாளே சொல்லிடணும்: "இது இப்போதைக்குத்தான், உங்க கிட்னி குறையும்போது கூடும்." மூணாவது, செலவைக் குறைக்க ஆசைப்படுறவங்க இதைச் சாக்கா வச்சுக்குவாங்கன்னு ஒரு பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. அதுக்கும் மருந்து அதே கேன்தான். காட்ட அளவு இல்லைன்னா குறைக்க உரிமையும் இல்லை.

உங்க வீட்டுல, தெருவுல யாராவது டயாலிசிஸ் போனா டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேக்கச் சொல்லுங்க. என் கிட்னி இன்னும் எவ்வளவு வேலை செய்யுது? கடைசியா எப்போ அளந்தீங்க? மிச்சத்தைக் காப்பாத்த எந்தெந்த மாத்திரையைத் தவிர்க்கணும்? (மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்ல நாமளே வாங்கிப் போடுற வலி மாத்திரைகள் பலதும் இந்த லிஸ்ட்ல வரும்.)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொறியாளன். இதைப் படிச்சுட்டு யாரும் தானா ஒரு தடவையை நிறுத்திடாதீங்க சாமி. அளந்துட்டு, டாக்டர்கிட்ட பேசிட்டு முடிவு பண்ணுங்க.